இரண்டு ஆட்டோமேட்டிக் வாட்ச், ஒரு மணிக்கட்டு

பேட்டரி இல்லாமல் கையசைவிலேயே ஓடும் ஆட்டோமேட்டிக் வாட்ச் ஒன்று வாங்கலாம் என்று தேட ஆரம்பித்தால், முப்பது நாற்பது பார்த்து, ஒவ்வொன்றாகக் கழித்து, கடைசியில் இரண்டில் வந்து நிற்பீர்கள். பெரும்பாலானவர்கள் அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். இரண்டும் அழகாக இருக்கின்றன, விலையும் ஏறக்குறைய ஒன்றுதான். அப்புறம் என்ன, இரவெல்லாம் வீடியோ பார்ப்பது, மறுநாள் மனம் மாறுவது, அதற்கடுத்த நாள் பழைய இடத்துக்கே திரும்புவது.

இதிலிருந்து வெளியே வர ஒரு எளிய வேலை செய்யுங்கள். ஒரு தாளை நெடுக்காக மடித்து, ஒரு பக்கம் முதல் வாட்ச், மறுபக்கம் இரண்டாவது. மூவ்மென்ட் (வாட்ச்சை ஓட்டும் உள் இயந்திரம்), அளவு, கண்ணாடி, நீர் தாங்கும் திறன், ஸ்ட்ராப் என்று ஒவ்வொரு வரியாக எழுதுங்கள். எழுதி முடித்ததும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் வரிகளை அடித்துவிடுங்கள். அடுத்து, வேறுபட்டாலும் உங்கள் அன்றாடத்துக்கு எந்த மாற்றமும் தராத வரிகளையும் அடியுங்கள். நீங்கள் கடலில் இறங்கப் போவதே இல்லை என்றால் 100 மீட்டருக்கும் 200 மீட்டருக்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்கு வெறும் எண்தான். மிஞ்சுவது பெரும்பாலும் மூன்று நான்கு வரிகள். ஒப்பிட வேண்டியது அவற்றை மட்டும்.

எந்த வரியை எப்படி நிரப்புவது, எதை நம்புவது, எதை அடிப்பது என்று பார்க்கலாம்.

முதலில் அளவு, மற்றதெல்லாம் பிறகு

என் முதல் ஆட்டோமேட்டிக்கை மூவ்மென்ட்டின் பெயரைப் பார்த்தே வாங்கினேன். விட்டம் 42 மி.மீ. என்று போட்டிருந்தது. அதே விட்டத்தில் வேறொன்று என் கையில் சரியாக இருந்ததால் யோசிக்கவே இல்லை. வந்து சேர்ந்த பிறகு பார்த்தால், ஸ்ட்ராப் மாட்டும் கொம்புகள் மணிக்கட்டின் இரு பக்கமும் வெளியே துருத்திக்கொண்டிருந்தன. உள்ளே ஓடிய மூவ்மென்ட் அருமையானது. ஆனால் அந்த வாட்ச் பெரும்பாலும் மேசை டிராயருக்குள்தான் கிடந்தது.

அந்தக் கொம்புகளை லக் என்பார்கள். மேல் லக்கின் நுனியிலிருந்து கீழ் லக்கின் நுனி வரை உள்ள நீளம்தான் வாட்ச் கையில் பொருந்துமா என்பதைத் தீர்மானிக்கிறது. விட்டம் இரண்டாம்பட்சம். 42 மி.மீ. விட்டமுள்ள இரண்டு வாட்ச்சில் ஒன்று 46 மி.மீ. நீளத்தோடு கச்சிதமாக உட்காரும், இன்னொன்று 51 மி.மீ. நீண்டு பலகை மாதிரி நிற்கும். நிறுவனங்கள் இந்த எண்ணைப் பல நேரம் போடுவதில்லை. விமர்சனம் எழுதுபவர்கள் அளந்து சொல்லியிருப்பார்கள், தேடினால் கிடைக்கும்.

கிடைத்ததும் ஒரு காகிதத்தை அந்த நீளத்துக்கு வெட்டி மணிக்கட்டின் மேல் வையுங்கள். மேல்பக்கத்தின் தட்டையான பகுதிக்குள் அடங்கினால் நல்லது. காகிதம் இரு ஓரத்திலும் காற்றில் நீட்டிக்கொண்டு நின்றால் அந்த வாட்ச்சை அங்கேயே விட்டுவிடலாம். மணிக்கட்டின் சுற்றளவு மட்டும் போதாது. ஒரே சுற்றளவுள்ள இருவரில் ஒருவர் கை தட்டையாகவும் இன்னொருவர் கை உருண்டையாகவும் இருக்கும்.

தடிமனையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆட்டோமேட்டிக்கில் மூவ்மென்ட்டுக்கு மேல் ரோட்டார் என்ற எடைத்தகடு சுழல்கிறது, அதனால் பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் வாட்ச்சைவிடக் கொஞ்சம் தடித்தே இருக்கும். முழுக்கைச் சட்டை போடுபவருக்கு 11 மி.மீ.க்கும் 14 மி.மீ.க்கும் இடையே உள்ள வித்தியாசம் தினமும் தெரியும்.

மூவ்மென்ட்டின் பெயரைக் கண்டுபிடியுங்கள்

நீங்கள் கையை அசைக்க அசைக்க ரோட்டார் சுற்றி மெயின் ஸ்பிரிங்கை இறுக்குகிறது. அந்த ஸ்பிரிங் தளரும்போது கிடைக்கும் விசையில்தான் வாட்ச் ஓடுகிறது. இந்த வேலையைச் செய்யும் இயந்திரத்தை எல்லா நிறுவனமும் சொந்தமாகச் செய்வதில்லை. டயலில் இருக்கும் பெயர் ஒன்று, உள்ளே இருப்பது வேறொருவர் தயாரிப்பு என்பது இந்தத் தொழிலில் சகஜம், அதில் ஏமாற்று எதுவும் இல்லை.

அடிக்கடி கண்ணில் படும் பெயர்கள் சில. சைக்கோ குழுமத்தின் என்ஹெச்35: மணிக்கு 21,600 அதிர்வு, முழுதாகச் சாவி கொடுத்தால் சுமார் 41 மணி நேரம் ஓடும். சிட்டிசன் குழுமத்தின் மியோட்டா 8215: அதே 21,600 அதிர்வு, சுமார் 42 மணி நேரம். அதே மியோட்டாவின் 9015 கொஞ்சம் மேல்தரம், 28,800 அதிர்வு, வெறும் 3.9 மி.மீ. தடிமன். என்ஹெச்35 5.32 மி.மீ. என்பதால், மெல்லிய வாட்ச் செய்ய நினைப்பவர்கள் 9015 பக்கம் போகிறார்கள். ஸ்விட்சர்லாந்திலிருந்து வருபவற்றில் ஈடிஏ 2824-2, அதே அமைப்பில் செய்யப்படும் செலிட்டா எஸ்டபிள்யூ200, இரண்டும் 28,800.

உங்கள் தாளில் இரண்டு பக்கமும் என்ஹெச்35 என்று வந்துவிட்டால், ஏழெட்டு வரிகளை ஒரே கோட்டில் அடித்துவிடலாம். ஓட்டம், பவர் ரிசர்வ் (முழுச் சாவியில் எவ்வளவு நேரம் ஓடும் என்பது), சர்வீஸ் எல்லாம் சமம். மீதிப் பணம் எங்கே போகிறது என்று கேஸ் (மூவ்மென்ட்டை மூடும் கூடு), கண்ணாடி, பிரேஸ்லெட்டில் மட்டும் பாருங்கள்.

அதிர்வு எண் கூடினால் வினாடி முள் வழுக்கிக்கொண்டு போவது போலத் தெரியும். 21,600 என்றால் வினாடிக்கு ஆறு சிறு தாவல், 28,800 என்றால் எட்டு. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரிகிறது, தனியாகக் கட்டியிருக்கும்போது நினைவுக்கு வருவதில்லை. ஜுவல் எண்ணிக்கை இன்னும் அற்பம். உராயும் இடங்களில் பதிக்கப்படும் செயற்கை மாணிக்கக் கற்கள் அவை. மூன்று முள்ளும் தேதியும் உள்ள ஆட்டோமேட்டிக்குக்கு 21 முதல் 26 வரை சாதாரணம். 24-ஐ விட 26 உயர்ந்தது என்று யாராவது விற்க முயன்றால் சிரித்துவிட்டு அந்த வரியை அடியுங்கள்.

நிஜமாகவே உணரக்கூடியவை இரண்டு. பக்கவாட்டில் இருக்கும் திருகு குமிழான கிரவுனை முழுதாக வெளியே இழுத்தால் வினாடி முள் நிற்கிறதா? நின்றால்தான் வினாடி சுத்தமாக நேரம் வைக்க முடியும். இதை ஹேக்கிங் என்பார்கள். இரண்டாவது, கிரவுனைத் திருகிக் கையால் சாவி கொடுக்க முடிகிறதா? முடியாவிட்டால் நின்றுபோன வாட்ச்சைக் கிளப்ப அதை அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். தினமும் ஒரே வாட்ச் கட்டுபவருக்கு இது பொருட்டில்லை. மூன்று நான்கு மாற்றிக் கட்டுபவருக்கு எரிச்சல்.

ஒரு சின்ன விஷயம்: மியோட்டா 8215-இல் ரோட்டார் ஒரு திசையில் சுற்றும்போது மட்டுமே ஸ்பிரிங் இறுகும். மறு திசையில் அது சும்மா சுழலும், சில கேஸ்களில் அந்த அதிர்வு கையில் தெரியும், சத்தமும் கேட்கும். சிலருக்கு அது உயிருள்ள இயந்திரத்தைக் கட்டியிருக்கும் சுகம். சிலர் பழுது என்று நினைத்துத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள்.

துல்லியம் என்ற குழப்பம்

புதிதாக வருபவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

முதலில் மனதைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள். சாதாரண குவார்ட்ஸ் மாதத்துக்கு 15 வினாடி அளவில் தவறும். நல்ல ஆட்டோமேட்டிக் ஒன்று ஒரு வாரத்திலேயே அவ்வளவு தவறலாம். என்ஹெச்35-க்குத் தயாரிப்பாளர் தரும் வரம்பு ஒரு நாளைக்கு 20 வினாடி பிந்துவதிலிருந்து 40 வினாடி முந்துவது வரை. மியோட்டா 9015-க்கு 10 வினாடி பிந்துவதிலிருந்து 30 வினாடி முந்துவது வரை. ஸ்விட்சர்லாந்தில் துல்லியத்தைச் சோதித்துத் தரும் சிஓஎஸ்சி சான்றிதழ் பெற வேண்டுமானால், 15 நாள் சோதனையில் சராசரி ஓட்டம் 4 வினாடி பிந்துவதற்கும் 6 வினாடி முந்துவதற்கும் இடையே இருக்க வேண்டும். வாட்ச்சை ஐந்து நிலைகளில் வைத்து, மூன்று வெப்பநிலைகளில் பார்ப்பார்கள். சான்றிதழ் இருந்தால் அது தாளில் எழுத வேண்டிய நிஜமான வித்தியாசம்.

சான்றிதழ் இல்லாத இரண்டை ஒப்பிடும்போது இந்த வரம்புகள் அதிகம் உதவாது. அவை உத்தரவாதத்தின் எல்லைக்கோடு, அவ்வளவுதான். ஒரே மாடலில் ஒன்று நாளைக்கு 5 வினாடி முந்தும், அதன் உடன்பிறப்பு 25 வினாடி முந்தும். இரண்டும் சரியான பொருள்களே. ஆகவே மாடலோடு மாடலை ஒப்பிட்டு முடித்த பிறகு, கையில் இருக்கும் அந்த ஒரு வாட்ச்சையும் தனியாகப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, சராசரி எண் பொய் சொல்லும். வாட்ச் மல்லாந்து கிடக்கும்போது ஒரு வேகத்திலும், கிரவுன் கீழ்நோக்கி நிற்கும்போது வேறொரு வேகத்திலும் ஓடும். முன்னும் பின்னும் ஆடி ஓட்டத்தின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பேலன்ஸ் வீலைப் புவியீர்ப்பு ஒவ்வொரு நிலையிலும் வேறு மாதிரி தொடுகிறது. ஒரு வாட்ச் எல்லா நிலையிலும் 12 வினாடி முந்துகிறது. மற்றொன்று ஒரு நிலையில் 18 முந்தி, இன்னொன்றில் 14 பிந்தி, சராசரியில் 2 என்று காட்டுகிறது. நான் முதலாவதைத்தான் எடுப்பேன். எப்போதும் ஒரே அளவு முந்துவதை வாட்ச் பழுதுபார்ப்பவர் சில நிமிடங்களில் திருத்திவிடுவார். நிலைக்கு நிலை ஆடுவதைத் திருத்துவது பெரிய வேலை.

கடையில் டைம்கிராஃபர் இருந்தால் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். டிக் சத்தத்தைக் கேட்டு அது மூன்று எண்களைத் தரும்: நாள் ஓட்டம், ஆம்பிளிட்யூட், பீட் எரர். ஆம்பிளிட்யூட் என்பது பேலன்ஸ் வீல் எத்தனை டிகிரி ஆடுகிறது என்ற கணக்கு. முழுச் சாவியில், மல்லாக்க வைத்து, 270-இலிருந்து 300 வரை வந்தால் ஆரோக்கியம். அதே நிலையில் 220-க்குக் கீழே இறங்கினால் எண்ணெய் காய்ந்திருக்கலாம். பீட் எரர் என்பது டிக்குக்கும் டாக்குக்கும் உள்ள இடைவெளி வித்தியாசம், ஒரு மில்லி வினாடிக்குள் இருந்தால் கவலை வேண்டாம். கருவியில் லிஃப்ட் ஆங்கிள் என்ற, மூவ்மென்ட்டுக்கு மூவ்மென்ட் மாறும் அளவைச் சரியாகப் போட வேண்டும்: என்ஹெச்35-க்கு 53 டிகிரி, ஈடிஏ 2824-2-க்கு 50. அது தவறினால் ஆம்பிளிட்யூட் எண்ணுக்கு அர்த்தமில்லை. இரண்டு வாட்ச்சுக்கும் முழுச் சாவி கொடுத்த பிறகே அளக்க வேண்டும். ஒன்று பாதிச் சாவியில் இருந்தால் ஒப்பீடு செல்லாது.

பவர் ரிசர்வ்: உங்கள் வாரத்தை வைத்துக் கணக்குப் போடுங்கள்

வெள்ளி மாலை 7 மணிக்குக் கழற்றி வைக்கிறீர்கள். 40 மணி நேரம் ஓடுவது ஞாயிறு காலை 11 மணிக்கு நின்றுவிடும். டிசோ உள்ளிட்ட சில பிராண்டுகளில் வரும் பவர்மேட்டிக் 80 மாதிரி 80 மணி நேரம் ஓடுவது செவ்வாய் அதிகாலை 3 மணி வரை தாங்கும். திங்கட்கிழமை காலை எடுத்துக் கட்டிக்கொண்டு போகலாம். வார இறுதியில் வேறு வாட்ச் கட்டுபவருக்கு இந்த ஒரு வரியே முடிவைச் சொல்லிவிடும். ஏழு நாளும் இதையே கட்டுவேன் என்பவர் தயங்காமல் அடித்துவிடலாம்.

நீர், கண்ணாடி, பட்டை

30 மீட்டர் என்று எழுதியிருந்தால் 30 மீட்டர் ஆழத்தில் நீந்தலாம் என்று பொருளில்லை. சோதனைக்கூடத்தில் அந்த அழுத்தத்தைத் தாங்கியது, அவ்வளவே. நடைமுறையில் 30 என்றால் மழைத்துளியும் கை கழுவுவதும். நீந்த 100 இருக்கட்டும். கடலுக்கடியில் மூழ்குபவர்களுக்கான டைவர்ஸ் வாட்ச் என்று டயலில் எழுத ஐஎஸ்ஓ 6425 என்ற தனித் தரம் உண்டு. குறைந்தபட்சம் 100 மீட்டர், அதோடு இருட்டில் படிக்க முடிவது, உப்புநீரைத் தாங்குவது போன்ற சோதனைகளும் அதில் வரும். எந்த எண்ணாக இருந்தாலும் உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் வயதானால் நீர் புகும். பழைய வாட்ச்சில் டயலில் உள்ள எண்ணை நம்பாதீர்கள்.

கண்ணாடியில் சஃபையர் வாங்குங்கள், முடிந்தால். மோஸ் கடினத்தன்மையில் அது 9, தூசியில் இருக்கும் குவார்ட்ஸ் மணல் 7. சாதாரண மினரல் கண்ணாடி கீறலை வாங்கிக்கொள்ளும், சஃபையர் எளிதில் வாங்காது. ஓங்கி அடித்தால் மட்டும் சஃபையர் சில்லுச் சில்லாகலாம்.

லக்குகளுக்கு இடையே உள்ள அகலம் 20 அல்லது 22 மி.மீ. என்றால் ஸ்ட்ராப் எங்கும் கிடைக்கும். 19, 21 என்று ஒற்றைப்படையில் வந்தால் கொஞ்சம் தேட வேண்டும்.

ஒரு நிஜமான ஜோடி

முறை எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க, சைக்கோவின் இரண்டு வாட்ச்சுகளை எடுத்துக்கொள்வோம். ஒன்று 1996-இல் வந்து, இப்போது உற்பத்தி நின்றுபோன எஸ்கேஎக்ஸ்007. மற்றொன்று 2019-இல் சைக்கோ 5 ஸ்போர்ட்ஸ் வரிசையில் வந்த எஸ்ஆர்பிடி மாடல்கள். தூரத்திலிருந்து பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி.

தாளில் எழுதுவோம். விட்டம் இரண்டும் 42.5 மி.மீ., அந்த வரியை அடி. லக் நீளம் ஏறக்குறைய 46, அடி. ஸ்ட்ராப் அகலம் 22, அடி. கண்ணாடி இரண்டிலும் ஹார்ட்லெக்ஸ் என்ற கடினப்படுத்திய மினரல், அடி. அதிர்வு 21,600, அடி. பவர் ரிசர்வ் இரண்டும் நாற்பது மணி நேரத்தை ஒட்டியே, அடி.

மிஞ்சியவற்றைப் பாருங்கள். எஸ்கேஎக்ஸ்007-இல் 7எஸ்26 மூவ்மென்ட்: ஹேக்கிங் கிடையாது, கையால் சாவி கொடுக்கவும் முடியாது. எஸ்ஆர்பிடியில் 4ஆர்36: இரண்டும் உண்டு. எதிர்ப்பக்கம், பழையது 200 மீட்டர், திருகி மூடும் கிரவுன், நிஜமான டைவர்ஸ் வாட்ச். புதியது 100 மீட்டர், கிரவுன் வெறுமனே அழுத்தி மூடுவது. இன்னொரு வரி: பழையது இனி பெரும்பாலும் ஒருவர் கட்டியதாகத்தான் கிடைக்கும்.

கேள்வி சுருங்கிவிட்டது. தண்ணீருக்குள் இறங்குபவரா, பல வாட்ச் மாற்றிக் கட்டுபவரா? இரண்டும் இல்லை, அழகுக்காகத்தான் என்றால் உத்தரவாதத்தோடு புதிதாகக் கிடைப்பதை எடுப்பதுதான் புத்திசாலித்தனம் என்பது என் கருத்து. எஸ்கேஎக்ஸ் ரசிகர்கள் கோபித்துக்கொள்வார்கள். பரவாயில்லை.

கையில் எடுத்துப் பார்க்கும்போது

இரண்டையும் இரண்டு கையில் ஒரே நேரத்தில் கட்டிப் பார்க்காதீர்கள். ஒன்றைக் கட்டிக்கொண்டு பத்து நிமிடம் நடங்கள், மணிக்கட்டை மடக்குங்கள், கிரவுன் புறங்கையில் குத்துகிறதா பாருங்கள். பிறகு அடுத்தது. நிலைக்கண்ணாடி முன் நின்று, ஓர் ஆள் தூரத்திலிருந்து பாருங்கள். போனில் கிட்டே வைத்து எடுத்த படத்தில் எந்த வாட்ச்சும் உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும்.

அடுத்து இயந்திரம். கிரவுனைப் பத்துப் பதினைந்து முறை திருகுங்கள், சீராகச் சுற்ற வேண்டும், கரகரப்பு கூடாது. நேரத்தை நகர்த்தும்போது முள் தாவுகிறதா, நடுங்குகிறதா? 12 மணிக் குறியில் மூன்று முள்ளும் நேராக ஒன்றன்மேல் ஒன்று வருகின்றனவா? டயலைச் சுற்றிச் சுழலும் வளையமான பெசல் இருந்தால் அதன் முக்கோணம் 12-க்கு நேராக நிற்கிறதா? சற்றே கோணலாக இருப்பதைக் கடையில் பொறுத்துக்கொள்வோம், வீட்டுக்கு வந்ததும் அது மட்டும்தான் கண்ணில் படும்.

தேதியைச் சோதிக்கும் முன் முள்ளை 6 மணிக்குக் கொண்டுபோய் வையுங்கள். இரவு 9-க்கும் அதிகாலை 3-க்கும் இடையே பெரும்பாலான மூவ்மென்ட்களில் தேதி மாற்றும் பற்கள் ஏற்கெனவே பிடித்திருக்கும். அப்போது கிரவுனால் தேதியைத் தள்ளினால் பல் உடையலாம். கடைக்காரரே அப்படித் தள்ளுவதைப் பார்த்தால், காட்சிக்கு வைத்த அந்த வாட்ச் வேண்டாம், பெட்டி திறக்காததைக் கேளுங்கள்.

பழையது வாங்குவதாக இருந்தால் வேறு சில கேள்விகள். கடைசியாக எப்போது சர்வீஸ் ஆனது, ரசீது இருக்கிறதா? கேஸின் கூர்விளிம்புகள் மழுங்கி உருண்டிருந்தால் பலமுறை பாலிஷ் போட்டிருக்கிறார்கள். டயல் ஒரு வயதாகவும் முள் வேறு வயதாகவும் தெரிந்தால் பாகங்கள் மாறியிருக்கின்றன. பின்மூடியைத் திறந்து எடுத்த படம் தர மறுப்பவரிடம் நான் வாங்குவதில்லை.

சர்வீஸ் செலவையும் தாளில் சேர்த்துக்கொள்ளுங்கள், பலர் இந்த வரியை எழுதுவதே இல்லை. ஐந்து ஆண்டுக்கு மேல் ஆனால் எண்ணெய் மாற்ற வேண்டி வரும். என்ஹெச்35 கெட்டால் முழு மூவ்மென்ட்டையே மாற்றுவது சில நேரம் சர்வீஸைவிட மலிவு. ஈடிஏ, செலிட்டா வகைகளைப் பழகிய கைகள் எங்கும் உண்டு. ஒரு பிராண்டு தானே செய்த அபூர்வ மூவ்மென்ட் என்றால் அவர்களிடமே அனுப்ப வேண்டி வரலாம். வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

வாங்கிய முதல் வாரம்

திருப்பிக் கொடுக்கும் கெடு எத்தனை நாள் என்று பார்த்து, அதற்குள் சோதித்துவிட வேண்டும். முழுச் சாவி கொடுங்கள். ஆட்டோமேட்டிக்கில் ஸ்பிரிங் ஓர் அளவுக்கு மேல் வழுக்கிக்கொள்ளும், அதனால் அறுந்துவிடுமோ என்ற பயம் வேண்டாம். போன் நேரத்தோடு வினாடி சுத்தமாகப் பொருத்தி, தினமும் ஒரே வேளையில் வித்தியாசத்தைக் குறித்து வையுங்கள். இரவில் ஒரு நாள் மல்லாக்க, ஒரு நாள் கிரவுன் மேலே, ஒரு நாள் கிரவுன் கீழே என்று வைத்துப் பாருங்கள். எந்த நிலையில் பிந்துகிறது என்று தெரிந்துவிட்டால், பகலில் முந்தியதை இரவில் அந்த நிலையில் வைத்தே ஓரளவு சரிக்கட்டலாம். திடீரென்று நிமிடக்கணக்கில் முந்த ஆரம்பித்தால் பதறாதீர்கள். ஸ்பீக்கர், காந்தம் உள்ள போன் உறை என்று எதன் அருகிலோ வைத்ததில் காந்தம் ஏறியிருக்கும், காந்தம் நீக்கும் கருவியில் சில வினாடி வேலை.

இந்தச் சோதனை முடியும் வரை பிரேஸ்லெட்டைக் கைக்கு ஏற்பக் குறைக்காதீர்கள், கண்ணி கழற்றியதைத் திரும்ப எடுக்கப் பல கடைகள் முரண்டு பிடிக்கும். குறைத்த பிறகு, கழற்றிய கண்ணிகளையும் அந்தச் சின்ன ஊசிகளையும் பெட்டிக்குள்ளேயே போட்டு வையுங்கள்.